கனவான்களின் ஓசி

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டில் ஒரு வகுப்பாருக்கு உடம்பு அரிக்கும். 2006 தேர்தலில் கலர் டி.வி. தருவதாகச் சொன்னார்கள், நாடு கெட்டது என்றார்கள். 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. ஏற்கெனவே கெட்ட நாடு மறுபடியும் கெட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் சொன்னால் அது ஊழலாகாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது; அரிப்பு மட்டும் நிற்கவில்லை. 2021-இல் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறினார்கள். மாநிலமே திவால் என்று தலையில் கைவைத்தவர்கள், கம்பெனி கொடுத்த காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கைவைத்தார்கள். பெட்ரோலும் கம்பெனி கணக்கு. 2022-இல் அமைச்சர் ஒருவரே மேடையில் அந்தப் பெண்களைப் பார்த்து ‘ஓசி’ என்று சொல்லிவிட்டு, பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிரதமரும் இலவசங்களை இனிப்பைப் போல அள்ளிவிடும் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார்.

ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான் தமிழன். இது இவர்களுக்குப் பிரியமான வசனம். வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்பிக்கொள்வார்கள். வாட்ஸ்அப்புக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

சரி. வீட்டு வேலைக்குப் போகும் அம்மா பஸ்ஸில் மிச்சம் பிடிக்கும் இருபது ரூபாய் பொருளாதாரத்தைக் கவிழ்த்துவிடும். ஒப்புக்கொள்வோம். இனி இந்தக் கனவான்கள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போவோம்.

ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்தும். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் இத்தாலிய மார்பிள். எம்.டி. அறைக்கு வெளியே ஒரு செயற்கை நீரூற்று, யாரும் பார்க்காவிட்டாலும் நாள் முழுக்க ஓடும். வெளியூர்க் கிளைகளோடு பேச இந்த நிறுவனத்துக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் சேவை தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கக் குழு போட்டார்கள். நிதிப் பிரிவில் இருவர், எச்.ஆரில் இருவர், ஐ.டி.யில் மூவர், சட்டப் பிரிவில் ஒருவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வந்தவர்கள் இருவர். குழுவுக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: சேவை உலகத் தரத்தில் இருக்க வேண்டும், சல்லிக் காசு கேட்கக் கூடாது.

ஐ.டி. ஆள் எக்செல் ஷீட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிக் கொண்டுவந்தார். கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்தால் 60 நிமிடம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 60 நிமிடம். ஜூம் 40 நிமிடம். எல்லாவற்றிலும் 100 பேர் வரை. இதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். குழு ஒரு மாதம் விவாதித்தது.

‘60 தானே பெருசு? மீட்டே போட்டுரலாம்.’

‘இல்ல சார், 40 தான் பெஸ்ட். மீட்டிங் தானா முடிஞ்சிரும்.’

அறையே தலையாட்டியது. ஒரு கூட்டத்தை நேரத்துக்கு முடித்துவைக்கும் துணிவு அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை. அதையும் எவனாவது அமெரிக்காவிலிருந்து சும்மா செய்து கொடுத்தால் தேவலை.

‘நாலு மெயில் ஐடி கிரியேட் பண்ணிக்கலாம் சார். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்த லிங்க். அன்லிமிடெட்!’ என்றார் நிதிப் பிரிவு இளைஞர். அந்தக் காலாண்டின் சிறந்த ஊழியர் விருது அவருக்குத்தான். ரேஷன் கடையில் ஒருவன் நாலு கார்டு வைத்திருந்தால் அதற்குப் பெயர் மோசடி. இங்கே பெயர் காஸ்ட் ஆப்டிமைசேஷன்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். தலைக்கு மாதம் ஒரு லட்சம் சம்பளம் என்று வையுங்கள். மணிக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆகிறது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் கூடினால் ஐயாயிரத்துக்கு மேல் எரிகிறது. காசு கொடுத்து வாங்கும் சேவை மாதம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்; அதுவும் கூட்டத்தைக் கூட்டுகிறவர் ஒருவர் வாங்கினால் போதும். ஆயிரத்தை மிச்சம் பிடிக்க ஐயாயிரத்தைக் கொளுத்தியவர்கள்தான் டவுன் பஸ் கணக்கைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறார்கள்.

சேவை வந்தது. கூட்டம் தொடங்கியது. ‘ஹலோ, கேக்குதா?’ ஐந்து நிமிடம். ‘என் ஸ்கிரீன் தெரியுதா?’ ஐந்து நிமிடம். ‘சார், நீங்க மியூட்ல இருக்கீங்க.’ மியூட்டில் இருந்தவர் எம்.டி.; யாரும் உடனே சொல்லத் துணியவில்லை; அதில் பத்து நிமிடம். யாரோ வீட்டு குக்கர் மூன்று விசில் விட்டது. அன்றைய கூட்டத்தில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான். விஷயத்துக்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. மறுபடி லிங்க். மறுபடி ‘ஹலோ, கேக்குதா?’

இந்தக் குழுவில் புத்தியுள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான் எழுந்தது. சட்டப் பிரிவுக்காரர் கேட்டார்: ‘அவன் எதுக்கு சும்மா தர்றான்?’ அடுத்த பாயின்ட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

நாம் போக வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் அமெரிக்காவின் சோளக்காட்டில் கிடக்கிறது.

அயோவா, தெற்கு டகோட்டா. ஆளைவிடச் சோளக்கதிர் அதிகம். இங்குள்ள சிற்றூர்களில் சின்னச் சின்ன டெலிபோன் கம்பெனிகள் உண்டு. பத்து வீட்டுக்குப் பல மைல் கம்பி இழுக்க வேண்டும், செலவு கட்டாது. அதனால் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு ஒரு அழைப்பு வந்தால், அதைக் கொண்டுவரும் பெரிய கம்பெனி, ஊர்க் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். நகரத்தில் அந்தக் கட்டணம் குறைவு, கிராமத்தில் அதிகம். விவசாயி வீட்டிலும் போன் மணி அடிக்கட்டும் என்று வந்த சலுகை. ஏழைக்கு என்று எழுதிய சலுகை எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாததா?

2000-களின் தொடக்கத்தில் சிலருக்கு மூளை வேலை செய்தது. கிராமத்து எக்ஸ்சேஞ்சுக்குள் கான்ஃபரன்ஸ் கால் கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். 712, 605 என்று தொடங்கும் எண்களை ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். இந்த எண்ணுக்கு அடியுங்கள், ரகசிய எண்ணைப் போடுங்கள், நூறு பேர்கூடப் பேசுங்கள், கட்டணமே இல்லை. நியூயார்க் கம்பெனிக்காரர்களும் கலிஃபோர்னியா சாமியார்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் அந்தச் சோளக்காட்டுக்குப் போன் போட்டு, ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். அங்கே கேட்க ஒரு காக்காகூட இல்லை. ஆனால் மீட்டர் ஓடியது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் பெரிய கம்பெனி ஊர்க் கம்பெனிக்குக் கட்டியது. ஊர்க் கம்பெனி அதில் ஒரு பங்கை ‘இலவச’ சேவைக்காரனுக்குக் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இதே வித்தையைப் பாலியல் அரட்டை எண்களும் செய்தன. பிரார்த்தனைக் கூட்டமும் அதே கம்பியில், பெருமூச்சும் அதே கம்பியில். கம்பிக்கு நிமிடம்தான் கணக்கு.

பெரிய கம்பெனி கொடுத்த காசு யாருடையது? எல்லாச் சந்தாதாரர்களுடையது. பேரனுக்கு மாதம் ஒரு தடவை போன் போடும் கிழவியுடையது. வாழ்நாளில் ஒரு கான்ஃபரன்ஸ் காலில்கூடச் சேராத அவள், ஊரில் உள்ள அத்தனை மேனேஜர்களும் வெட்டிப் பேச்சு பேச மொய் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சேவை இலவசம் ஆயிற்றே.

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 2007-இல் சில கம்பெனிகள் அந்த எண்களுக்குப் போகும் அழைப்புகளைத் தடுத்தன. தடுக்கக் கூடாது என்றது தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2009-இல் கூகுள் வாய்ஸ் தடுத்தது. நூற்றுக்கும் குறைவான எண்களைத்தான் தடுக்கிறோம், நாங்கள் டெலிபோன் கம்பெனியே இல்லை என்றது கூகுள். இதே சண்டையில் ஏ.டி. அண்ட் டி. ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது: கூகுள் தடுத்த எண்களில் பெனடிக்டைன் கன்னியர் மடம் ஒன்றும் இருக்கிறதாம்! இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே எண்களை எப்படித் தொலைப்பது என்று அலைந்த கம்பெனிக்குக் கன்னியர்மேல் திடீர்ப் பக்தி. அந்த மடத்துச் சகோதரிகள் இதையெல்லாம் கேட்டிருந்தால் அந்தக் கம்பெனிகளுக்காகவும் ஜெபித்திருப்பார்கள்.

2011-இல் ஆணையம் விதிகளை இறுக்கியது. வித்தைக்காரர்கள் சந்து கண்டுபிடித்தார்கள். 2019-இல் மறுபடி இறுக்கியது. அப்போது ஆணையமே போட்ட மதிப்பீடு: இந்த விளையாட்டால் ஆண்டுக்கு 6 கோடி முதல் 8 கோடி டாலர் வரை நஷ்டம். இலவசத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று தெரிந்திருந்தால் காசு கொடுத்தே வாங்கியிருக்கலாம்.

அது அமெரிக்கா, நம் ஊரில் இப்படி நடக்காது என்று ஆறுதல்படுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சுக்கு இனி என்றைக்குமே காசில்லை, டேட்டாவுக்கு மட்டும் கொடுங்கள் என்றது. தேசமே கைதட்டியது. 2019 அக்டோபரில் அந்த ‘என்றைக்கும்’ முடிந்தது. வேறு கம்பெனி எண்ணுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்றார்கள். காரணம், அதே அயோவாக் கணக்குதான்: எவன் வீட்டு மணி அடிக்கிறதோ அவன் கம்பெனிக்கு அழைத்தவன் கம்பெனி காசு தர வேண்டும்.

அந்த 6 பைசாவுக்காக இந்தியாவின் மகா கோடீஸ்வரக் கம்பெனிகள் போட்ட சண்டை இருக்கிறதே, சந்தைக் கடையில்கூடப் பார்க்க முடியாது. போன் மணி எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்பதில் சண்டை. மணியைச் சீக்கிரம் நிறுத்தினால் எடுக்க முடியாது. மிஸ்டு கால் ஆகும். அவன் திருப்பி அழைப்பான். காசு இந்தப் பக்கம் வரும். 45 விநாடி அடித்த மணி 20, 25 விநாடிக்குச் சுருங்கியது. நீ குறைத்தாய், நான் குறைத்தேன் என்று மாறி மாறிப் புகார். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டு, செல்போனுக்கு 30 விநாடி, வீட்டுப் போனுக்கு 60 விநாடி என்று தீர்ப்புச் சொன்னது. மாடிப்படி ஏறி வந்து போனை எடுப்பதற்குள் மணி ஏன் நின்றுபோனது என்று மூட்டுவலிக்காரர்கள் பலருக்கு இன்றும் தெரியாது. 2021 ஜனவரியில் அந்த 6 பைசா போயிற்று. கட்டணம்? 2019 டிசம்பரில் ஏறியது. 2021-இல் ஏறியது. 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. இலவசத்தில் பிறந்த குழந்தை நல்ல ஆரோக்கியமாக வளர்கிறது.

இனி ஜூம். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடி பேர் அதன் கூட்டங்களில் சேர்ந்தார்கள். கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் 30 கோடி. கல்யாணம் ஜூமில், கருமாதி ஜூமில். பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் அமைச்சரவைக் கூட்டத்தையே ஜூமில் நடத்தி, அதன் படத்தைப் பெருமையாக ட்விட்டரில் போட்டார். படத்தின் மூலையில் அந்தக் கூட்டத்தின் எண்ணும் தெரிந்தது.

நீங்கள் பேசுவதை நடுவில் யாராலும், எங்களாலும்கூட, கேட்க முடியாது என்பது ஜூமின் விளம்பரம். அப்படி ஒன்றும் இல்லை என்று கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். சில கூட்டங்களின் பேச்சைப் பூட்டித் திறக்கும் சாவி சீனத்துச் சர்வரிலிருந்து வந்ததையும் காட்டினார்கள். ஐஃபோன் செயலி, ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர்களின் தகவலைக்கூட ஃபேஸ்புக்குக்கு அனுப்பியது ஏற்கெனவே அம்பலமாகியிருந்தது. ஜூன் மாதம் தலைவர் எரிக் யுவான் மனம் திறந்தார்: முழுப் பூட்டு காசு கட்டியவர்களுக்கு மட்டும், ஓசிக்காரர்களுக்குத் தர மாட்டோம், போலீசோடும் எஃப்.பி.ஐ.யோடும் ஒத்துழைக்க வேண்டுமே. அதாவது, காசு கட்டினால் நீங்கள் யோக்கியர். கட்டாவிட்டால் சந்தேகக் கேஸ். ஊர் காறித் துப்பியதும் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் பூட்டு என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம், குறைந்தது 2016 முதல் ஜூம் வாடிக்கையாளர்களைத் தவறாக நம்பவைத்தது என்றது. தண்டனை: இனி ஒழுங்காக இருக்க வேண்டும். அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. தனியாக நடந்த வழக்கில் 2021-இல் எட்டரைக் கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் ஓசிக்காரர் ஒருவருக்குப் பதினைந்து டாலர் வரை. அமெரிக்கர்களுக்கு மட்டும். நாம் பேசிய ரகசியத்துக்கு அந்த மதிப்பும் இல்லை.

நம் அரசு சும்மா இருக்குமா? 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் அறிக்கை விட்டது. ஜூம் பாதுகாப்பானதல்ல, அரசு அதிகாரிகள் அலுவல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. நல்லது. அப்படியானால் மக்கள்? அவர்கள் பயன்படுத்தியே தீருவேன் என்றால் இப்படி இப்படிப் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளட்டும் என்று அதே அறிக்கையில் பாடமும் எடுத்தார்கள். பாலம் ஆடுகிறது, அதிகாரிகள் ஏறாதீர்கள், பொதுமக்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போங்கள். சுதேசிச் செயலி செய்பவருக்கு 1 கோடி ரூபாய் பரிசு என்று போட்டியும் வைத்தார்கள். கேரளத்துச் சிறு நிறுவனம் ஒன்று ஆகஸ்டில் ஜெயித்தது. உங்கள் போனில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் ஜூலையிலேயே ஜியோமீட் இறங்கியிருந்தது. திறந்தவர்களுக்கு ஜூமின் இரட்டைப் பிறவியைப் பார்த்த அதிர்ச்சி. பொத்தான்கள்கூட அதே இடத்தில். சுதேசிப் பற்று முற்றினால் இப்படித்தான், கண்ணாடி பார்த்து உற்பத்தி செய்வோம்.

மார்பிள் கட்டடத்துக்காரர்கள் இதையெல்லாம் படித்திருப்பார்களா? படித்திருந்தாலும் கவலையில்லை. அந்த ஓசி அறையில்தான் யாரை வேலையை விட்டு எடுப்பது என்ற பட்டியலையும் வாசித்தார்கள். இதிலும் அவர்களுக்கு முன்னோடி உண்டு. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர்.காம் தலைவர் ஒரே ஜூம் அழைப்பில் ஏறத்தாழ 900 பேரைச் சில நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பினார். 40 நிமிட வரம்பு அவருக்கு ரொம்பவே தாராளம். 2023 ஆகஸ்டில் ஜூமே தன் ஊழியர்களுக்குச் சொன்னது: அலுவலகத்துக்கு 50 மைலுக்குள் இருப்பவர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வாருங்கள். மிட்டாய்க் கடைக்காரனுக்கே சர்க்கரை நோய்.

சிரித்தாயிற்று. இனி பள்ளிக்கூடத்துக்குப் போவோம். சிரிப்பு அங்கே வராது.

2020 ஜூன். பள்ளிகள் பூட்டிக்கிடந்தன. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிப் பழகிய பள்ளி. நீச்சல் குளம் உண்டு. குதிரையேற்றம் உண்டு. விளம்பரத்தில் ‘குளோபல்’ என்று பெயருக்கு முன்னாலோ பின்னாலோ கட்டாயம் உண்டு. அந்தப் பள்ளியின் தாளாளரும் ஒரு கான்ஃபரன்ஸ் கால் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவருக்குக் குழுவெல்லாம் தேவைப்படவில்லை. ஓசி எது என்று கேட்டார். வகுப்பு தொடங்கியது.

மூன்றாம் வகுப்பு. ஆசிரியைக்குப் பாதிச் சம்பளம். அதுவும் இந்த மாதமா அடுத்த மாதமா என்று நிச்சயமில்லை. போன் அவருடையது. ரீசார்ஜ் அவருடையது. சமையலறைச் சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி, நாற்காலிமேல் நாற்காலி போட்டு, துணி உலர்த்தும் கிளிப்பால் போனைப் பிடித்துவைத்திருக்கிறார். எதிரே முப்பது சின்னச் சதுரங்கள். சிலதில் பிள்ளையின் நெற்றி மட்டும், சிலதில் மின்விசிறி, ஒன்றில் தாத்தா. வருகைப் பதிவுக்குப் பத்து நிமிடம். ‘ஆன்ட்டி, கொஞ்சம் மியூட் பண்ணுங்க’ என்று தாய்மார்களைக் கெஞ்சப் பத்து நிமிடம். பிறகு பாடம்: கடன் வாங்கிக் கழித்தல்.

52-இல் 27 போக எவ்வளவு? இரண்டிலிருந்து ஏழு போகாது. பக்கத்து ஐந்திடம் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். வாங்கினார். இரண்டு பன்னிரண்டானது. பன்னிரண்டிலிருந்து ஏழு போனால் என்று வாயெடுத்தார். திரை அணைந்தது. நாற்பது நிமிடம் முடிந்தது. வாங்கிய கடனோடு முப்பது பிள்ளைகள் அந்தரத்தில் நின்றார்கள். ‘மிஸ்ஸக் காணோம்’ என்று ஒரு பிள்ளை அழுதது.

மறுபடி லிங்க் வந்தபோது பாதிப் பேர் வரவில்லை. ஒருவனுடைய அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஒருத்தியின் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. அவள் அண்ணன் காலையிலேயே அவனுடைய வகுப்பில் உட்கார்ந்து தின்றுவிட்டான். வீட்டில் போன் ஒன்று, பிள்ளை மூன்று. இவர்களும் காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகள்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த 40 நிமிடமும் இல்லை, கல்வித் தொலைக்காட்சிதான். கனவான்கள் வயிறெரிந்த அந்தக் கலர் டி.வி. பல வீடுகளில் பள்ளிக்கூடமாயிற்று. அதற்காவது வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கட்டண விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் பள்ளிகள் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜூலையில் இடைக்கால உத்தரவு வந்தது. நீதிமன்றம் 40 சதவீதம் என்றது, ஜூம் 40 நிமிடம் என்றது. இரண்டையும் பள்ளி அப்படியே ஏற்றுக்கொண்டது; ஒன்றை வாங்கிக்கொண்டது, மற்றதைக் கொடுத்தது. ரசீது வந்தது. அதில் ‘டெக்னாலஜி ஃபீஸ்’ என்று தனி வரி இருந்தது. எந்த டெக்னாலஜி என்று கேட்ட பெற்றோருக்கு ஆன்லைன் வகுப்புக்கு என்று பதில் வந்தது. கேட்டவர் கடை மூன்று மாதமாகப் பூட்டியிருந்தது. செப்டம்பரில் கட்டுகிறேன் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் மகள் யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி, போன் முன்னால் உட்கார்ந்தாள். லிங்க் வரவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அம்மாவின் எண்ணை இரவோடு இரவாக எடுத்துவிட்டிருந்தார்கள். காசே கட்டாத ஒரு லிங்க்கிலிருந்து, காசு கட்டவில்லை என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளையை வெளியே தள்ளினார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்த நாற்பதாவது நிமிடம்வரை அவளுக்கு அவகாசம் தரவில்லை.